கோபாவா, கொலுசுப் பட்டறையா, குரூப் 4-ஆ? அக்கா மகனுக்காகப் போட்ட கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம் அக்கா ஏற்காட்டிலிருந்து இறங்கி, சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு கையில் பலாப்பழம், இன்னொரு கையில் நாற்பது பக்க நோட்டு. பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒன்றாக, ஊரார் சொன்ன யோசனைகள். எஸ்டேட் கணக்கர் சொன்னது குரூப் 4 என்ற அரசு வேலைத் தேர்வு. பள்ளிக்கூட ஆசிரியர் சொன்னது ஐ.டி.ஐ., அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில் கோபா என்ற கணினிப் படிப்பு. நாத்தனார் சொன்னது சிவதாபுரத்தில் தெரிந்தவர் வைத்திருக்கும் வெள்ளிப் பட்டறை. டீக்கடைக்காரர் சொன்னது கடன் வாங்கி ஒரு கடை. யாரோ ஒருவர் சென்னைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் தனியார் கம்பெனி என்றிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: "வீட்டிலேயே இருக்கட்டும்." எழுதிவிட்டு, அதை அடித்தும் இருந்தாள்.

என் மனைவி நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "எல்லாரும் சொன்னது இருக்கிறது. பையன் என்ன சொன்னான் அண்ணி?" என்று கேட்டாள். அக்கா காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பையனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. பிறக்கும்போதே வந்த மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் நடக்கையில் கத்தரிபோல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இரு கைகளிலும் ஊன்றுகோல் வேண்டும். சமதரையில் நன்றாகவே நடப்பான், படி என்றால் சுவரைத் தேடுவான். வலது கை சுறுசுறுப்பு. இடது கை விரல்கள் திறக்க நேரம் எடுக்கும். பேச்சு வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் இழுக்கும். புதியவர்களுக்குப் பழக இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் பொறுக்காதவர்கள், "பையனுக்கு என்ன வேண்டுமாம்?" என்று என்னிடம் கேட்பார்கள். மருத்துவச் சான்றில் 60 சதவீதம்.

இந்தக் கணக்கு அவனுக்காகப் போட்டது. வேறு உடம்புக்கு வேறு விடை வரும். அதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

சம்பளத்தை வைத்து இந்த வழிகளை ஒப்பிட்டால் அரசு வேலைதான் முதலிடம், பேச்சுக்கே இடமில்லை. அதனாலேயே அந்த ஒப்பீட்டால் ஒரு பயனும் இல்லை. நான் அக்காவிடம் கேட்டது இதுதான்: காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் எதில் போவான்? எத்தனை படி? மதியம் சிறுநீர் கழிக்க எங்கே போவான்? மாலை வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா? ஒரு நாள் இப்படிப் போய்வர முடிந்தால், இருநூறு நாள் போய்வர முடியுமா? சம்பளத்தை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

முதலில் அட்டை

எந்த வழியில் போனாலும் முதலில் கையில் இருக்க வேண்டியது தனித்துவ அடையாள அட்டை. அலுவலகங்களில் யு.டி.ஐ.டி. என்றால்தான் புரியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது. அதில் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் சான்று கொடுத்தால்தான் இடஒதுக்கீடு உள்ளிட்ட பலவும் கிடைக்கும். எங்கள் பையனுக்கு அட்டை இருந்தது. ஆனால் பள்ளிச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் இரண்டு முன்னெழுத்து. இதைச் சரிசெய்வதற்காகவே மலையிலிருந்து இரண்டு முறை இறங்க வேண்டியதாயிற்று. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பெயரை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதியன்று இந்த வேலையைச் செய்ய முடியாது.

குரூப் 4

நோட்டின் முதல் பக்கம். எஸ்டேட் கணக்கர் சொன்னதில் தவறில்லை. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். ஒரே தேர்வு, நேர்காணல் கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பாதி, நூறு கேள்வி, தமிழ். மாற்றுத் திறனாளிகளுக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை. எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் கூடுதல் நேரமும், தேவையானால் சொல்வதை எழுதும் உதவியாளரும் உண்டு. வயது வரம்பிலும் பத்து ஆண்டுகள் தளர்வு.

இனி மாற்றுத் திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டைப் பிரித்துப் பார்ப்போம். பழைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 சதவீதமாக இருந்ததை 2016 சட்டம் 4 ஆக்கியது. நூறு இடம் என்றால் ஒன்று பார்வைக் குறைபாட்டுக்கு, ஒன்று செவித்திறன் குறைபாட்டுக்கு. இன்னொன்று கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு. எங்கள் பையன் வருவது இதில்தான். மூளை முடக்குவாதத்தோடு குள்ளத்தன்மை, தொழுநோயிலிருந்து குணமானவர்கள், அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள், தசைச் சிதைவு நோய் உள்ளவர்கள் எல்லோரும் இதே ஒன்றில் பங்காளிகள். நான்காவது, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு ஆகியவற்றுக்கு. "நாலு பர்சென்ட் இருக்கிறதே, சுலபமாகக் கிடைத்துவிடும்" என்று சொல்கிறவர்கள், அது அவனுக்கு ஒரு சதவீதம் என்பதையும், அந்த ஒன்றுக்கும் போட்டி உண்டு என்பதையும் சொல்வதில்லை.

எனக்குப் பயம் தருவது அந்தப் பத்தாண்டு தளர்வு. அது நல்ல சலுகைதான். ஆனால் "இன்னும் வயது இருக்கிறதே" என்று சொல்லிச் சொல்லியே பையன்களை உட்கார வைத்துவிடுகிறது. நூலகத்தில் நான் அடிக்கடி பார்க்கும் ஒருவருக்கு முப்பத்து நான்கு வயது, ஒரு கால் போலியோவில் சூம்பியது. எல்லாத் தேர்வும் எழுதியிருக்கிறார். பொது அறிவில் அவரை அசைக்க முடியாது. வேறு எந்த வேலையும் அவர் ஒரு நாள்கூடச் செய்ததில்லை. "அடுத்த முறை" என்று சொல்லும்போது அவர் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை.

பயிற்சி மையம் ஒன்றைப் போய்ப் பார்த்தோம். வகுப்பு இரண்டாவது மாடியில், லிப்ட் கிடையாது. வரவேற்பில் இருந்தவர், "ஆன்லைனில் படிக்கலாமே" என்றார். படிக்கலாம்தான். ஆனால் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் மூலம் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்புகள் நடத்துகிறார்கள். ஏற்காடு பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்யப் போகும்போது அதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. பதிவு செய்து ஓராண்டு கடந்த மாற்றுத் திறனாளிகளுக்கு வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையும் உண்டு: பத்தாம் வகுப்பு வரை மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000. பள்ளி, கல்லூரியில் முழுநேரம் படிப்பவர்களுக்குக் கிடையாது.

என் முடிவு: குரூப் 4 எழுதட்டும். ஆனால் அதை மட்டுமே செய்யக் கூடாது. மாலை இரண்டு மணி நேரம் அதற்குப் போதும். பகல் முழுவதையும் அதற்கு எழுதிவைக்க வேண்டாம்.

கொலுசுப் பட்டறை

இதைத்தான் நான் முதலில் மனத்தில் வைத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். சேலத்துக்காரனுக்கு வெள்ளிக் கொலுசைத் தாண்டி யோசனை போகாது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சிவதாபுரம், பனங்காடு வரை தெருத்தெருவாக நடக்கும் தொழில். வீட்டுத் திண்ணையிலேயே பட்டறை. பஸ் ஏற வேண்டாம், படி ஏற வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "உட்கார்ந்து செய்யும் வேலை."

கால் சரியில்லாதவர்களுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் ஒரே மருந்து இந்த வாக்கியம். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் யாருக்கும் பொருந்தும் என்று நானும் நினைத்திருந்தேன். பத்து நாள் பார்க்கட்டும் என்று நாத்தனாருக்குத் தெரிந்தவர் பட்டறைக்கு அழைத்துப் போனேன்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர். மற்றவர்கள் எல்லோரும் தரையில் பலகை போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, இவனுக்கு மட்டும் நாற்காலியும் உயரமான ஒரு ஸ்டூலும் போட்டார். வேலை இதுதான்: கம்பியை இழுத்துச் சுற்றி, வெட்டி, கண்ணி கண்ணியாக வைத்திருக்கிறார்கள். ஒரு கண்ணியைச் சாமணத்தால் பிடித்து, அடுத்த கண்ணியை அதில் கோத்து, வாயை அமுக்கி மூட வேண்டும். பிறகு வெங்காரம் கலந்த பொடியை இணைப்பில் வைத்து, தீயைக் காட்டிப் பற்றவைக்க வேண்டும். பொடி உருகி ஓடும் அந்த நொடியில் தீயை எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கண்ணியே உருண்டையாகிவிடும். அதற்குப் பின் ஆசிட்டில் போட்டு எடுப்பது, முத்து வைப்பது, பாலிஷ்.

கால் எங்கேயும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது இடது கை. கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய அந்த விரல்கள், மூடுவதற்குள் நழுவிவிட்டன. தீயின் பக்கம் நான் அவனை விடவில்லை. மூன்றாம் நாள் மாலை என்னிடம் சொன்னான்: "மாமா, இன்றைக்குப் பதினொன்று கோத்தேன். பக்கத்தில் இருக்கும் அக்கா டீ குடித்துக்கொண்டே அதைவிட அதிகம் கோத்துவிட்டார்." சொல்லிவிட்டுச் சிரித்தான். இது எண்ணிக்கைக் கூலி. பதினொன்றுக்கு என்ன கூலி வரும் என்று நான் கணக்குப் போடவில்லை. ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டோம்.

அதே பட்டறையில் அந்த "பக்கத்து அக்கா"வுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கண்ணும் கையும் ஒன்றாக ஓடுகின்றன. மாதிரியைக் காட்டினால் போதும், சொல்லித்தர வேண்டியதில்லை. கூட இருக்கும் பெண்கள் அவருடைய சைகைகளில் பாதியைக் கற்றுவைத்திருக்கிறார்கள். அரட்டையில் அவரும் ஒருவர். இந்தத் தொழில் அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது. ஆக, "மாற்றுத் திறனாளிக்கு ஏற்ற வேலை" என்று பொத்தாம் பொதுவாக ஒன்று இல்லை. எந்த உறுப்பால் எந்த வேலை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவருக்குமே சில குறைகளைச் சொல்லியாக வேண்டும். சிறிய பட்டறைகளில் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு, பி.எப். சேமிப்பு பற்றிய பேச்சே இருக்காது. ஆசிட் ஆவி, புகை. முகூர்த்த மாதங்களில் இரவு பத்து மணி வரை வேலை, ஆடியில் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறையும். அந்தக் குறைவு முதலில் வந்து விழுவது எண்ணிக்கைக் கூலிக்காரர் தலையில்.

கடை

டீக்கடைக்காரரின் யோசனையைப் பலரும் கேலியாகப் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கைப் பாருங்கள். பிரதமரின் வேலை உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத் திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். சொந்தப் பங்கு 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35. கிராமத்தில் மூன்று லட்சத்தில் ஒரு கடை என்று வைத்துக்கொண்டால், நம் கையிலிருந்து 15,000 ரூபாய். மீதி 2,85,000 வங்கி தருகிறது. மானியம் 1,05,000. இது கைக்கு வராது. நம் பெயரில் வங்கியிலேயே மூன்று ஆண்டுகள் இருந்து, பிறகு கடனில் கழியும். "மானியம் வந்ததும் சரக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைத்துக் கடை திறந்தவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். மாநில அரசும் தகுதியுள்ளவர்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் போன்றவற்றை இலவசமாகவே தருகிறது; அதற்கு மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகம்.

அப்படியானால் ஏன் கடை வேண்டாம் என்றேன்? 18 வயதுப் பையனின் முதல் வேலை கடனாக இருக்க வேண்டாம் என்றுதான். அவனுக்கு இன்னும் ஒரு தொழிலும் தெரியாது. அக்கா வீடு இருக்கும் மலைக் கிராமத்தில் மே மாதக் கோடை விழாவின்போது கூட்டம் வரும், பிறகு மழை வரும், பிறகு பனி வரும். ஜெராக்ஸ் எடுக்க எத்தனை பேர் வருவார்கள்? மிளகும் காப்பியும் விற்கும் கடை வைத்தால் மூட்டையைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அக்கா வீட்டுக்காரர்தான். பையன் பெயரில் கடை, அப்பா கையில் கல்லா என்று ஆகிவிடும். இப்படி ஆன கடைகள் இரண்டை நானே பார்த்திருக்கிறேன். கடை நல்ல யோசனைதான். இருபத்து மூன்று வயதுக்கு உரிய யோசனை.

சென்னை, தனியார் கம்பெனி: சுருக்கமாக

சென்னை கிண்டியில் மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத் தொழில் சேவை மையம் இருக்கிறது, மத்திய அரசுடையது. எந்த வேலை பொருந்தும் என்று பையனைச் சோதித்துச் சொல்வார்கள், பயிற்சியும் உண்டு. முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு தொடங்கிய, பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தெற்கே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இருக்கிறது. எல்லாம் நல்ல இடங்கள். அக்கா கேட்ட ஒரே கேள்வி, "குளிக்க யார் தண்ணீர் எடுத்துவைப்பார்கள்?" பையன் தனியாகத் தங்கிப் பழகியதே இல்லை. முதல் தனிமை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வேறு பிள்ளைக்கு, விடுதியில் படித்துப் பழகிய பிள்ளைக்கு, இதுவே முதல் வழியாக இருக்கலாம்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கு "முதலில் பயிற்சி, பிறகு வேலை" என்ற வரிசை பல நேரம் பலிப்பதில்லை. வேலை செய்யும் இடத்திலேயே ஒருவர் கூடவே இருந்து, அந்த வேலையை அந்த இடத்தில் வைத்தே பழக்கி, மெல்ல மெல்ல விலகிக்கொள்வதுதான் நிற்கிறது. வகுப்பறையில் பெட்டி மடிக்கக் கற்றவன், பேக்கரியில் வேறு அளவுப் பெட்டியைப் பார்த்தால் திகைத்துப்போவான். 18 வயது முடிந்தால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் நியமனம் பெறுவதையும் தள்ளிப்போட வேண்டாம்.

தனியார் வேலைவாய்ப்பு முகாம் ஒன்றுக்கும் போனோம். விளம்பரத்தில் "மாற்றுத் திறனாளிகள் வரவேற்கப்படுகிறார்கள்" என்று இருந்தது. நேர்காணல் முதல் மாடியில். பதினெட்டுப் படி. ஏறி முடிக்கும்போது பையனுக்கு வேர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியதில் பேச்சு இன்னும் இழுத்தது. எதிரே இருந்தவர் என்னைப் பார்த்து, "போனில் சொல்கிறோம் சார்" என்றார். எண்ணை வாங்கிக்கொள்ளவே இல்லை. எப்படிப் போனில் சொல்வார் என்று பையன்தான் படி இறங்கும்போது கேட்டான்.

ஆனாலும் தனியார் வேலையை நான் அடித்துப் போடவில்லை. ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. ஊருக்குள் மருத்துவமனைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், ஜவுளிக் கடைகள் எல்லாவற்றிலும் கணினிக்கு ஆள் வேண்டும். எந்த நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்டால் விழிப்பார்கள், கேட்கத்தான் வேண்டும். இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய் என்றால் மாற்றுத் திறனாளிகளுக்கு 25,000. அடிக்கடி சிகிச்சை தேவைப்படும் உடம்புக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்தக் கதவைத் தட்ட ஒரு சான்றிதழும் ஓராண்டுப் பழக்கமும் வேண்டும். அதற்குத்தான் அடுத்தது.

ஐ.டி.ஐ., அதிலும் கோபா

கணினி இயக்குபவர் மற்றும் நிரல் உதவியாளர். இந்த நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை, கோபா என்றால்தான் தெரியும். ஓராண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்புத் தகுதி போதும். தட்டச்சு, கடிதம் தயாரிப்பது, கணக்குத் தாள், இணையம், கொஞ்சம் நிரல். பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்று பொறியியல் படித்த பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அந்த "ஓராண்டு" பிடித்தது. ஒத்துவராவிட்டால் இழப்பது ஒரு வருடம்.

இரண்டு ஐ.டி.ஐ.க்களைப் போய்ப் பார்த்தேன், கையில் அளவு நாடாவோடு. என் மனைவிக்குச் சிரிப்பு. முதலாவதில் கழிப்பறைக் கதவின் அகலம் 22 அங்குலம். உள்ளே ஓர் அடி உயரத் திட்டில் இந்தியப் பாணிக் கோப்பை. ஊன்றுகோலோடு நுழைந்தால் திரும்ப முடியாது. கட்டடத்தின் முன்னால் புத்தம் புதுச் சாய்தளம் போட்டு, கைப்பிடிக்கு மஞ்சள் வண்ணமும் அடித்திருந்தார்கள். சாய்தளம் வழியாக உள்ளே போகலாம், ஆனால் உள்ளே எட்டு மணி நேரம் இருக்க முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. பெண் பிள்ளைகள் நிறையப் பேர் படிப்பை விடுவதும் இதனால்தான் என்று ஆசிரியை ஒருவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

இரண்டாவதில் கணினி அறை கீழ்த்தளத்தில். மேல்நாட்டுக் கோப்பை ஒன்று இருந்தது, ஆசிரியர்களுக்கு என்று பூட்டி. பயிற்றுநரிடம் நிலைமையைச் சொன்னேன். "சாவி ஒன்று அவனிடம் இருக்கட்டும்" என்றார், இதற்கு ஏன் இவ்வளவு பேசுகிறாய் என்பது போல. அந்த ஒரு சாவியில்தான் என் மனம் இந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு அவர் பையனை ஒரு கணினி முன் உட்கார வைத்தார். வலது கையால் தட்டினான், நன்றாகவே தட்டினான். இரண்டு விசைகளை ஒரே சமயத்தில் அழுத்தும் இடத்தில்தான் இடது கை தயங்கியது. பயிற்றுநர் அமைப்பில் போய் ஏதோ ஒன்றை மாற்றினார். இப்போது ஷிப்டை ஒரு முறை தட்டிவிட்டுக் கையை எடுத்து, பிறகு எழுத்தைத் தட்டினால் போதும். ஸ்டிக்கி கீஸ் என்று அதற்குப் பெயராம். எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருப்பது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் யாரும் அவனுக்கு இதைக் காட்டவில்லை. தமிழ்99 விசைப்பலகையில் ஷிப்ட் பெரும்பாலும் கிரந்த எழுத்துகளுக்குத்தான் வேண்டும் என்பதால் தமிழில் இன்னும் சுலபம். அரைமணி நேரம் கழித்துத் திரையில் பார்த்தால் எங்கள் குடும்பத்தார் பெயர்களை வரிசையாக அடித்து வைத்திருக்கிறான், அவன் வீட்டு நாயின் பெயர் உட்பட.

கொலுசுப் பட்டறையில் அவனைத் தோற்கடித்த அதே இடது கை, இங்கே ஓர் அமைப்பை மாற்றியதும் குறையாகத் தெரியவில்லை. அங்கே நாற்காலி போட்டும் தீராதது இங்கே தீர்ந்தது. அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து இப்படி நோட்டில் ஒப்பிடுவதை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கோபாவின் குறைகளும் உண்டு. படித்தவர்கள் நிறையப் பேர். தொடக்கச் சம்பளம் கொலுசில் கைதேர்ந்தவர் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும். குரூப் 4-ல் தட்டச்சர் பதவிக்கு இது போதாது. அதற்கு அரசுத் தொழில்நுட்பத் தட்டச்சுத் தேர்வு தனியாக எழுத வேண்டும். இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் போன்றவற்றுக்கு அது தேவையில்லை. காது கேளாத பிள்ளைகள் கோபாவில் சேர்ந்தால், கணினி கைவசமாகும், ஆனால் சைகை மொழி தெரிந்த பயிற்றுநர் இருக்கிறாரா என்று சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவதோடு ஒரு வருடம் போய்விடும்.

மலையும் பஸ்ஸும்

எல்லாம் சரி, தினமும் எப்படிப் போவது? ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஊன்றுகோலோடு நிற்கிறவன் ஒரு வளைவில் இடப்பக்கம் சாய்வான், அடுத்ததில் வலப்பக்கம். உட்கார இடம் கிடைத்தாலும் அக்கா வீட்டிலிருந்து ஏற்காடு பஸ் நிலையம் வருவதற்கே ஒரு மேடு, ஒரு பள்ளம். பெருமழை பெய்தால் பாறை சரிந்து சாலையை மூடிவிடும்; அன்றைக்கு விடுப்பு. தினசரி மலை ஏறி இறங்குவது என்ற பேச்சை முதல் நாளே விட்டுவிட்டோம். கால்கள் இரண்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு விண்ணப்பிக்கலாம். அது கன்னங்குறிச்சியிலிருந்து நகரத்துக்குள் ஓட்ட. மலைப் பாதையில் அதை எடுக்கமாட்டேன் என்று பையனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். எவ்வளவு தூரம் நிற்குமோ.

ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் வீடு, சனி ஞாயிறு மலை. கொத்தனாரை வரவழைத்துக் குளியலறை வாசலில் இருந்த இரண்டு அங்குலத் தடுப்பை உடைத்தோம். சுவரில் கைப்பிடி ஒன்று பதித்தோம். அவர் முதலில் அதைத் துண்டு தொங்கவிடும் கம்பி என்று நினைத்து உயரத்தில் பதித்துவிட்டார். பையனை நிற்க வைத்து அளவு பார்த்து மறுபடி இறக்கினோம். கைப்பிடி, கூலி எல்லாம் சேர்த்து ஒரு பயிற்சி மையத்தின் ஒரு மாதக் கட்டணம்கூட ஆகவில்லை.

என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "இருக்கட்டும், சந்தோஷம்தான். ஆனால் அவன் துணியை அவன்தான் துவைக்க வேண்டும்." அக்காவின் முகம் சுருங்கியது. பையன், "சரி அத்தை" என்றான், உடனே. சென்னைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று தலையை உடைத்துக்கொண்டோமே, அதற்கான பயிற்சி எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் கல்லிலேயே தொடங்கிவிடும் போலிருக்கிறது.

கடைசியில் நின்றது இது: பகலில் கோபா, மாலையில் குரூப் 4, ஒரு வருடம் கழித்து அலுவலக வேலை தேடல், கடையை இருபத்து மூன்று வயதில் மறுபடி எடுத்துப் பார்ப்பது. கொலுசு இல்லை. சென்னை இப்போது இல்லை.

போன ஞாயிறு ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை அவனே கைப்பேசியில் நிரப்பினான். நானும் அக்காவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். தொழிற்பிரிவுகளை விருப்ப வரிசையில் குறிக்கச் சொல்கிறார்கள். முதல் விருப்பத்தில் கோபாவைக் குறித்தான். இரண்டாவதில் எதைக் குறிக்கிறான் என்று பார்க்க அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள். அவன் கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அம்மா, உன் நோட்டை நான் பார்த்தேனா?" என்றான்.